வீர நாயின் படம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோபம் இன்னும் ஆறவில்லை.

மிசிசாகாவில் ஒருவர் தன் நாயின் படம் வரையக் கூப்பிட்டிருந்தார். இன்று அவர் வீட்டுக்குச் சென்றேன். தன் கைபேசியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியம் ஒன்றைக் காட்டினார். கடற்கரையில் பெரிய கறுப்பு நாய், அதன் முன்னங்கால்களில் நனைந்த குழந்தை.

"இப்பிடியே கீறித் தாங்கோ. போன மாசம் மகன் நீச்சல் குளத்துக்குள்ள விழுந்திட்டான். இவன்தான் காப்பாத்தினவன்" என்று நாயைத் தடவினார். எனக்கும் மனம் நெகிழ்ந்தது.

இடத்தைப் பார்க்கக் குளத்தடிக்குப் போனேன். பிள்ளையைப் பராமரிக்கும் ராசியக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். நாய் எந்தப் பக்கத்தால் குதித்தது என்று கேட்டேன்.

"அது குதிக்கேல்லை, தங்கச்சி. கரையில நிண்டு குரைச்சது. நான்தான் குதிச்சனான்."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"இல்லை. கழுத்தளவு தண்ணி. பிள்ளையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கத்தினனான்."

உள்ளே வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை.

"ஓம், அவ இறங்கினவதான். ஆனா நாய் எண்டால்தான் படம் எடுப்பா இருக்கும்."

அக்காவையும் சேர்த்து வரைகிறேன் என்றேன். சிரித்தார். "வேலைக்கு வாற ஆளை ஹோல் சுவரில மாட்டுறதோ?"

என்னால் முடியாது என்று எழுந்துவிட்டேன். வேறு ஆளைப் பிடிப்பதாகச் சொன்னார். பிடிப்பார். நாய்மேல் எனக்குக் கோபமில்லை, அது தன்னால் முடிந்தவரை குரைத்தது. அந்தப் பெடியனுக்கு இன்னும் மூன்று வயதாகவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தே வளர்வான். தன்னைத் தூக்கியது நாய் என்றே நம்புவான். ராசியக்காதான் அந்தப் படத்தின் தூசியையும் தட்டுவார்.