விஷமம் என்றால் உங்கள் ஊரில் வேறு அர்த்தம்

திட்டவும் தெரிந்த, திட்டி முடித்ததும் காப்பி கலந்து கொடுக்கவும் தெரிந்த என் கோமதி அக்காவுக்கு,

நீ எழுதிய ஒரு வரி போன செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குக் கிடைத்தது. போய்ச் சேர்ந்து ஒன்றேகால் வருஷம் ஆனவள் எழுதினால் பதில் போடாமல் இருக்க முடியுமா? அதற்குத்தான் இந்தக் கடிதம். அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேரைத் திட்டியாக வேண்டும். நீ குறுக்கே பேசாமல் கேள்.

வீட்டு விஷயம் முதலில். உன் வீட்டுக்காரர், நம் அத்திம்பேர், சௌக்கியம். ஆபீஸ் போகிறார், வருகிறார், டிவியைப் போட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார். நான் திருநெல்வேலி ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு கேரளத்துக்கு வந்து தம்பானூரில் இறங்கி ஒன்பது மாசம் ஆகிறது. இந்த வலியசாலைத் தெருவில் எல்லோரும் என்னை 'கோமதியோட தங்கை, தமிழ் டீச்சர்' என்கிறார்கள். உன் பெண் ஸ்வாதி பத்தாம் கிளாஸ். உன்னைவிட ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமையோடு அவள் ஸ்கூலுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பதினோரு நாளில் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. உன்னோடு பாதி தமிழ், பாதி மலையாளமாக வாய் ஓயாமல் பேசுவாளே, அந்தப் பெண் எதைக் கேட்டாலும் 'வேண்டா' என்றாள், இல்லாவிட்டால் 'பின்னே மதி', அப்புறம் போதும், என்றாள். தட்டில் வைத்தது தட்டிலேயே இருந்தது. போன் மட்டும் கையில் இருந்தது.

ஏன் என்று கேட்பாய். ஒரு நிமிஷம்கூட ஓடாத ஒரு வீடியோதான் காரணம். அதில் ஸ்வாதி, "எனக்கு ரொம்ப விஷமம்" என்கிறாள். பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "விஷமமா? என்ன விஷமம் பண்ணினே? மறுபடி சொல்லு" என்று சிரிக்கிறது. இவள் மறுபடி சொல்கிறாள். அந்தக் குரல் இன்னும் சிரிக்கிறது. அவ்வளவுதான். உனக்கு விளக்க வேண்டாம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையாளத்தில் விஷமம் என்றால் மனக்கஷ்டம். தமிழில் குறும்பு. இந்த ஊர்த் தமிழ்க் குழந்தைகள் மனக்கஷ்டத்தைத்தான் அப்படிச் சொல்லும். ஒரு பெண், தனக்கு மனசு சரியில்லை என்கிறாள். ஊரே கைதட்டிச் சிரிக்கிறது.

இதை ரீல்ஸாக்கி உலகத்துக்கு விட்ட புண்ணியவான் நம் சித்தப்பா பிள்ளை கார்த்திக். முப்பத்திரண்டு வயசு. என்ன வேலை என்று கேட்டால் 'கன்டென்ட் கிரியேட்டர்' என்கிறான். அடுத்தவர் வீட்டுக் குழந்தை அழுவதற்குப் பின்னால் டொய்ங் டொய்ங் என்று ஒரு மியூசிக் சேர்ப்பதற்குப் பெயர் சிருஷ்டியாம். பிரம்மாவே வெட்கப்படுவான். போன் பண்ணினேன்.

"ராஜிக்கா! பார்த்தியா? ரீச் வேற லெவல்! ஸ்வாதி ஸ்டார் ஆயிட்டா!"

"அவ ஸ்கூலுக்கே போகலைடா. எடு அதை."

"ஐயோ, இப்ப எடுத்தா பேஜே படுத்துடும்க்கா. மோசமான கமெண்ட்டெல்லாம் நான் டெலிட் பண்ணிடறேன். வேணும்னா அவளை வெச்சு இன்னொரு பார்ட் பண்ணலாம். அவளுக்கும் கான்ஃபிடன்ஸ் வரும்."

கான்ஃபிடன்ஸாம்! நான் சென்னைக்கே வந்து அவன் வாசலில் நின்று கத்துவேன் என்ற பிறகுதான் எடுத்தான். எடுத்துவிட்டு, "ஸாரி சொல்லி ஒரு வீடியோ போடட்டுமாக்கா? அது இன்னும் நன்னா ஓடும்" என்று கேட்டான். அதற்குள் பத்துப் பேர் அதைச் சுட்டுத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். திருடர்களுக்குள் கூட ஒரு மரியாதை உண்டு. இங்கே அதுவும் கிடையாது.

கமெண்ட்டுகளைப் படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன் அக்கா. ஒருத்தன் 'தமிழைக் கொல்றா' என்கிறான், அந்த வரியிலேயே இரண்டு எழுத்துப் பிழை. இன்னொருத்தன், மலையாளி, தமிழர்களைக் கேலி செய்கிற வார்த்தையில் 'பாண்டி' என்கிறான். மலையாளம் தமிழிலிருந்து வந்ததா, தனியாக வந்ததா என்று நூறு பேர் கட்டிப் புரள்கிறார்கள். கேரளத்தில் இவள் பாண்டி, தமிழ்நாட்டில் இவள் மலையாளி. இரண்டு பக்கத்து அறிஞர்களும் அந்தப் பெண் முகத்தை ஒருதரம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இருபது வருஷம் இலக்கணம் சொல்லிக்கொடுத்த எனக்கு, மொழிப் பற்று என்ற வார்த்தையே கசந்துவிட்டது.

வகுப்புப் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே. அவள் உதடு கோணி நிற்கிற அந்த ஒரு கணத்தை வெட்டி எடுத்து ஸ்டிக்கர் செய்திருக்கிறார்கள். கணக்கில் மார்க் குறைந்தால் ஸ்வாதி முகத்தை அனுப்புகிறார்கள். கான்டீனில் பரோட்டா தீர்ந்துபோனால் ஸ்வாதி முகம். பிறந்தநாளுக்கு ஆளுக்குப் பத்து இதயம் போடுகிற அதே விரல்கள்தான். ஒரு நிமிஷம் தாமதமாக இதயம் போட்டால் பகை, அக்கா. என்ன சிநேகிதமோ இது!

போன வெள்ளிக்கிழமை ஸ்கூலில் அப்பா அம்மாக்களுக்கு ஒரு விழிப்புணர்வு வகுப்பு வைத்தார்கள். சமூக ஊடகமும் வளரும் பிள்ளைகளின் மனநலமும் என்று தலைப்பு. வெட்கம் கெட்டு நானும் போனேன். பேச வந்தவர் கோட்டு மாட்டிக்கொண்டு படம் படமாகக் காட்டினார். நடுவில் மூன்று தடவை தன் போனை எட்டிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு செல்ஃபி எடுத்து, "எல்லாரும் ஷேர் செய்யணே, என்னெ டேக் செய்யணே" என்றார். மனநலம் அத்தோடு முடிந்தது.

அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் ஒரு அம்மா சத்தத்தை அணைத்துவிட்டு எதையோ பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கவனித்து, நல்ல மனசோடு போனை என் பக்கம் திருப்பினாள். "கண்டோ? நல்ல தமாஷ!" நம் ஸ்வாதி. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஏன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நீ கேட்பாய். இந்த ராஜியா வாயை மூடிக்கொண்டு வந்தாள் என்பாய். கேட்க எனக்கு வாய் இல்லை அக்கா. அந்த வீடியோவில் சிரிக்கிற பொம்பளைக் குரல் என்னுடையது.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்வாதி வந்து போனைக் காட்டினாள். அவள் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர் கல்லாற்றில் முழங்கால் தண்ணீரில் கைகோத்து நிற்கிறார்கள்.

"அவாள்லாம் கல்லாறு போயிருக்கா சித்தி. என்னை விளிக்கல்லே. எனக்கு ரொம்ப விஷமம்."

முதல் தடவை கேட்டபோது நிஜமாகவே குழம்பினேன். விஷமமா, இவளா என்று சிரிப்பு வந்தது. கத்தியை வைத்துவிட்டு என் போனை எடுத்தேன். கல்லாற்றிலிருந்து மறுபடி சொல்லு என்றேன். இரண்டாம் தடவை சொல்லும்போது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் போன் கையில் இருந்தது, மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தேன். எதிரே போன் நீட்டினால் பிள்ளைகள் சிரித்துத்தானே ஆக வேண்டும்? உதடு துடிக்கத் துடிக்க அவளும் சிரித்தாள்.

கல்லாற்றுப் பேச்சை வெட்டிவிட்டு, மீதியை நம் குடும்பக் குரூப்பில் போட்டேன். 'உங்க மலையாளக் குட்டியின் தமிழைக் கேளுங்கோ' என்று எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதினாலு பேர் சிரித்தார்கள். அதை எண்ணினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய் நறுக்குவதும் எண்ணுவதுமாக இருந்தேன். ஸ்வாதி எப்போது எழுந்து உள்ளே போனாள் என்று தெரியாது. குரூப்பிலிருந்துதான் கார்த்திக் எடுத்துக்கொண்டான். இவ்வளவு நேரம் நான் திட்டிய வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டியவள் நான். கொஞ்சம் நேரமாவது மற்றவர்களைத் திட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

இப்போது உன் வரி.

செவ்வாய்க்கிழமை காலை பால் அடுப்பில். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். சுட்டவர்கள் போட்ட ரீல்ஸில் ஒன்றைப் பார்த்துப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கமெண்ட்டில் கோமதி என்று ஒரு பேர். பக்கத்தில் உன் படம். பச்சைப் புடவையில், பொன்முடி மலையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாயே, அது.

'கொழந்தை அழறாளே. ஒருத்தருக்குமே தெரியலையா?'

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நீதான் என்று நம்பிவிட்டேன். அத்தனை ஆயிரம் பேரில் அழுகையைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். உனக்குக் கீழே எவனோ ஒருத்தன் பதில் போட்டிருந்தான்: 'ஆன்ட்டி, ஜோக் புரியலையா?'

அப்புறம்தான் புத்தி வந்தது. உன் பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த உன் பழைய போனைக் காணோம். ஸ்வாதி குளிக்கப் போயிருந்தாள். அவள் தலையணையைத் தூக்கினேன். அடியில் சார்ஜரோடு இருந்தது, தொட்டால் சூடு. கோல டிசைன் பார்ப்பதற்காக நீ திறந்து வைத்த கணக்கு அப்படியே இருந்தது. இருந்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

என்னோடு ஒரு வார்த்தை தமிழ் பேசாதவள் உன் பேரில் தமிழ் எழுதியிருக்கிறாள். நீ பேசுகிற மாதிரியே. தான் அழுததைப் பார்க்க உயிரோடு இருப்பவர்களில் ஆள் கிடைக்காமல், செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டு வந்திருக்கிறாள். பக்கத்து அறையில் சித்தி ஒருத்தி இருக்கிறாள், தண்டத்துக்கு.

அவள் தலையில் துண்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் போய்க் கீழே தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஸ்வாதி, எனக்கு ரொம்ப விஷமம்" என்றேன்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் காலி. ஒரு கையை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினேன். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிப் போர்வை நனைந்தது.

"என்ன விஷமம் சித்தி?"

தமிழில்தான் கேட்டாள். பதினோரு நாளைக்கு அப்புறம்.

"பண்ணினதும் நான்தான், படறதும் நான்தான்" என்றேன். அவள் அழுதாள். யாரும் படம் எடுக்காத அழுகை, மூக்கு ஒழுக, சத்தமாக. அத்திம்பேர் வாசற்படியில் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அரை மணி கழித்து அவள் கேட்டாள், "சித்தி, தோசை உண்டோ?" இருந்தது. மூன்று தின்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஸ்கூலுக்கு இன்னும் போகவில்லை. அந்த ஸ்டிக்கர் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வியாழக்கிழமை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அவளோடு பேசினார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார், அவளும் சரி என்றிருக்கிறாள். குடும்பக் குரூப்பிலிருந்து நான் விலகிவிட்டேன். 'ராஜிக்கு என்ன கோபமாம்?' என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும், வேறு என்ன வேலை அவர்களுக்கு.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்தேன். இரண்டு இடத்தை அடித்தாள். தன் பேரை மாற்றச் சொன்னாள். ஸ்வாதி அவளே தேர்ந்தெடுத்த பேர். உன் கணக்கை என்ன செய்யலாம் என்றேன். "இப்ப வேண்டாம் சித்தி. நானே பூட்டறேன்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அவள் தமிழை இனி நான் திருத்த மாட்டேன். அவள் எந்த ஊர் அர்த்தத்தில் பேசுகிறாளோ அந்த ஊர் அர்த்தத்தில் கேட்பேன், கையைக் காலியாக வைத்துக்கொண்டு கேட்பேன். கொழந்தை அழறாளே என்று சொல்ல நீ இன்னொருதரம் அவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டியிருக்காது.

இரண்டு ஊர் அர்த்தத்திலும் விஷமம் பிடித்த உன் தங்கை,
ராஜி