அசல் என்னிடம் இருக்கிறது

மன்னார்குடி,
தை மாதம், 2009

சான்ட்ரா அப்பாவுக்கு அருள்மேரி எழுதுவது. மாதா காவலில் நானும் மகளும் சுகம். மஸ்கட்டில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதாகச் சொன்னீர்கள். நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் மானம் போன கதை. நீங்கள் வரைந்த என் படத்தைக் கேட்டீர்களே, அதற்கு நகல் எடுக்கத் தஞ்சாவூர் ரெஜின் போட்டோ கடைக்குப் போன் செய்தேன். படம் எடுத்துத்தான் அச்சடிப்போம் என்றார். நானும் பட்டுப்புடவை கட்டி, பவுடர் அப்பி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் நீங்கள் வரைந்த படத்தை மட்டும் விளக்குப் போட்டு போட்டோ எடுத்துவிட்டு, அக்கா எதுக்கு உக்காந்திருக்கீங்க என்கிறார். பஸ்ஸுக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மிஷின் கெட்டிக்கார மிஷின். கித்தான் துணியில் மையைச் சாரல் மாதிரி தெளித்துக்கொண்டே போகிறது. வரப்பில் நாற்றுக்கட்டோடு நான், காலில் சேறு முதற்கொண்டு அப்படியே. மூக்கைக் கம்ப்யூட்டரில் சின்னதாக்கட்டுமா என்று கேட்டார். தொடாதீங்க தம்பி, அது எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் உக்காந்து கெடுத்த மூக்கு என்றேன்.

மூலையில் பச்சைப் பெயிண்டில் உங்கள் கட்டைவிரல் பதிந்திருக்குமே, அந்த ரேகைகூட நகலில் விழுந்திருக்கிறது. தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது. அசலில் தடவினால் விரல் மேடு தட்டுப்படும். அதனால் அசலை அனுப்பவில்லை. கோபம் வந்தால் நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

விசாவை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவை வரச் சொல்லு என்று சான்ட்ரா நச்சரிக்கிறாள். நான் என்ன சொல்ல, உங்கள் இஷ்டம். எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கிருந்தாலும் மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மூக்குக்காரி அருள்மேரி

பி.கு: லீவில் வந்த உங்கள் ரூம்காரர், நாகூர் அஹமது கபீர் பாய், நாளை விமானம் ஏறுகிறார். படத்தைக் குழாயில் சுருட்டி அவரிடம் கொடுக்கிறேன். மேலே ஒரு பூச்சுப் பூசிக் காய வேண்டும், அதுவரை தண்ணீர் படக்கூடாது என்றார் ரெஜின். அதற்கு நேரமில்லை, அப்படியே வாங்கி வந்துவிட்டேன். வழியில் மாதா கோயிலில் மந்திரித்துத் தரச் சொன்னேன். சாமியார் தாராளமான மனுஷர். தீர்த்தத்தை வாரித் தெளித்தார். படத்தில் என் கண்ணுக்குக் கீழே மை இரண்டு கோடாக ஓடியிருக்கிறது. அது தீர்த்தம்.