சோலார் மானியமும் என் கையெழுத்தும்

மேலக்களம், விராலிமலை வழி
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சரவணக்குமாருக்கு உன் அப்பா ஆண்டிச்சாமி தன் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தா கண்ணாத்தாளும் மாடு கன்றோடு நன்றாக இருக்கிறோம், அங்கே தோகாவில் நீயும் சுகுணாவும் பேத்தி இனியாவும் நோவு நொடி இல்லாமல் இருக்க மலைமேல் இருக்கிற முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். தன் கையால் என்று எழுதியிருக்கிறேனே, அதை இன்னொரு தடவை படித்துக்கொள். யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுத வைத்தது இல்லை. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் என்னைப் போன்ற பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற சிவரஞ்சனி இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றது, நான் மாட்டேன் என்றுவிட்டேன். தபால்தலை ஒட்டித்தான் வரும், நீ உறையைக் கிழித்துத்தான் படிக்க வேண்டும்.

போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை சொல்கிறாய். போன வாரம், "ஒரு கைநாட்ட வச்சுட்டு வராம என்னப்பா இம்புட்டு வீம்பு, வச்சாக் கொறஞ்சா போயிருவீங்க" என்று சத்தம் போட்டாய், நான் பதில் சொல்வதற்குள் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் வீட்டுத் தளம் சித்திரையில் எப்படிக் காயும் என்று உனக்குத் தெரியும், ராத்திரியிலும் சுவரைத் தொட முடியாது. உன் ஆத்தா ஈரச் சேலையைத் தரையில் விரித்துப் படுத்தாள். நீ ஏசி வாங்கிப் போடுகிறேன் என்றாய். அதை வாங்கித் தருவது நீ, அது தின்கிற கரண்டுக்குக் கட்டுவது யார்? விராலிமலையில் மின்சார ஆபீஸ்காரர்கள் முகாம் போட்டு, வீட்டுக் கூரையில் சோலார் பலகை வைத்தால் அரசாங்கம் செலவில் ஒரு பகுதியை மானியமாக நம் கணக்கிலேயே போடும் என்று சொன்னார்கள். நான் கூட்டத்தில் எழுந்து, கணக்கில் போடுவீர்களா, இல்லை காகிதத்தில் மட்டும் போடுவீர்களா என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், பேச வந்த ஆபீஸ் அம்மாவும் சிரித்துக்கொண்டே கணக்கில்தான் அப்பா என்றது. சரி என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு பழைய ஃபேன் இரண்டையும் கழற்றிவிட்டுக் கரண்டு கொஞ்சமாகக் குடிக்கிற ஃபேன் மாட்டினேன், தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட் நானே அடித்தேன், அதற்கு மானியம் கிடையாது, இருந்தாலும் அடித்தேன். இப்போது மத்தியானத்தில் உன் ஆத்தா வீட்டுக்குள்ளேயே படுத்துக் குறட்டை விடுகிறாள். ஒரே தொந்தரவு மயில்கள்தான். விடிந்ததும் நாலைந்து வந்து பலகைமேல் உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் போகின்றன, முருகன் வாகனம் என்று விரட்டவும் மனசு வரவில்லை, கழுவிவிடுகிறேன்.

பலகை வைத்தது விராலிமலை பழனிச்சாமி, கம்பெனி ஏஜெண்டு, நல்ல பிள்ளை. ஒப்பந்தம் போட வந்த அன்று மைப்பெட்டியைத் திறந்து, "ஐயா, பெருவெரல நீட்டுங்க" என்றான். நீ பேனாவை நீட்டப்பா என்றேன். நான் எழுதி முடிக்கிறவரை நின்றான், பாவம், உன் ஆத்தா கொடுத்த டீ ஆறிப் போனது. அவளுக்கோ பொறுக்கவில்லை, "ஒரு பேர எழுத இந்த நேரமா, நானு ஒரு ஒல சோறு வடிச்சு எறக்கிருவேன்" என்றாள். எழுதட்டும் என்று விட்டிருக்கலாம், விடமாட்டாள்.

கோளாறு பேங்கில் வந்தது. நூறு நாள் வேலைக்குப் போனபோது திறந்த கணக்கு, ரொம்ப நாள் போடாமல் எடுக்காமல் கிடந்ததால் முடங்கிப்போயிருக்கிறது, மானியம் அதில் ஏறவில்லை. மறுபடி திறக்க ஒரு பாரத்தில் கையெழுத்து கேட்டார்கள், நானும் நிதானமாகப் போட்டேன். அங்கே இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுல ஒங்க ரேகைதான இருக்கு, கையெழுத்து சேராதுங்க, ரேகைய வச்சிருங்க, இன்னைக்கே முடிஞ்சிரும்" என்று மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அவர் மேல் குற்றம் இல்லை, அவருக்கு விதி அது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பெட்டியைப் பார்த்ததும் என் பெருவிரல் தானாக நீண்டுவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். மையில் படுவதற்குள் இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன், துடைக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தேன். ரேகை வைக்கமாட்டேன், எனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குத்தான் வீட்டிலும் வெளியிலும் அத்தனை பேச்சு. பழனிச்சாமிக்கு மீதித் தொகை மானியம் வந்ததும் தருவதாகப் பேச்சு, அவன் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனுக்கும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். உன் ஆத்தா, "ஒங்க கையெழுத்துக்கு என் செவலக் கன்ன விக்கச் சொல்றீகளா" என்று அழுதாள். டீக்கடையில் மரியசெல்வம், "ஏய், கலெக்டரு வாராரு, பெஞ்ச வுடுங்கப்பா" என்றான். கடைசியில் நீயும் போனில் அப்படிப் பேசினாய். பணத்தை நானே அனுப்பி முடித்துவிடுகிறேன் என்று பழனிச்சாமியிடம் சொன்னாயாம். அனுப்பாதே. அனுப்பினால் திரும்பி வரும்.

நீ ஏழாவது படிக்கும்போது நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். ரேங்க் கார்டில் அப்பன் ரேகை வைத்தால் பையன்கள் சிரிக்கிறார்கள் என்று திருப்பதி மாமனிடம் கையெழுத்து வாங்கிப் போனாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். எழுத்து தெரியாதவனுக்கும் தன் ரேகை அங்கே இல்லை என்பது தெரியும் தம்பி. உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை, சின்னப் பிள்ளை, உனக்கு வெட்கம். ஆனால் அன்றைக்கு உனக்கு ஆகாத ரேகை இன்றைக்கு எனக்கு மட்டும் ஏன் ஆக வேண்டும்? நீயே சொல்.

திங்கட்கிழமை மறுபடி போனேன். சாட்சிக்குச் சிவரஞ்சனியும் அதே மரியசெல்வமும் வந்தார்கள். மேனேஜர் மூன்று கையெழுத்து போடச் சொன்னார். போட்டேன், மூன்றும் மூன்று விதமாக வந்தது. "இதுல எதுங்க ஒங்களோடது" என்று கேட்டார். நின்றுகொண்டு எழுதிப் பழக்கம் இல்லை ஐயா, ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். இதுநாள்வரை ரேகை வைத்தேன், அப்போது எனக்கு எழுதத் தெரியாது, இப்போது தெரியும், இனிமேல் என் கையெழுத்தைத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும், இதை எழுதியது நானேதான் என்று எழுதிக் கீழே பெயர் போட்டேன். அதற்குள் பேங்க் சாப்பாட்டுக்கு மூடித் திறந்துவிட்டது. இடையில் யாரோ வரிசையை மறிக்காதீர்கள் என்றதற்கு மரியசெல்வம், "அட, ஒக்காந்துதானய்யா எழுதுறாரு, ஒம் மடியிலயா ஒக்காந்திருக்காரு" என்று பாய்ந்தான். டீக்கடையில் கேலி செய்த அதே வாய். மேனேஜர் தாளை முழுக்கப் படித்தார். புது அட்டை ஒன்றை எடுத்து என் கையெழுத்தை வாங்கி வைத்தார். பழைய ரேகைமேல் என் கண் முன்னாலேயே கோடு போட்டார்.

நேற்று போனில் மெசேஜ் வந்தது. உன் ஆத்தா யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாம் என்று கிளம்பினாள், இரு என்று நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். மானியம் ஏறிவிட்டது. பழனிச்சாமிக்குக் கொடுத்தாயிற்று. செவலைக் கன்று கட்டுத்தறியிலேயே நிற்கிறது. இனி எவனாவது ஏசி, கைநாட்டு என்று பேசட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

வெயிலில் வேலை பார்க்கும்போது தலையில் துணி கட்டிக்கொள், உப்புப் போட்டு மோர் குடி. இனியாவைத் தமிழ் எழுதப் பழக்கு, தாத்தாவுக்கு அது கடிதம் போட வேண்டும். மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள். நீ பதில் எழுதும்போது எழுத்தைப் பெரிதாக எழுது, உன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

சொல்ல விட்டுவிட்டேன். உன் ஏழாவது ரேங்க் கார்டு தகரப்பெட்டியில் இருந்தது. பெற்றோர் கையொப்பம் என்று போட்டிருக்கிற இடத்தில் மாமன் கையெழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது, நெருக்கி என் பெயரைப் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன்னால் கார்டைப் படித்தும் பார்த்தேன். கணக்கில் முப்பத்தொன்று என்று இருக்கிறது. அன்றைக்கு எனக்கு எண்பத்தொன்று என்று வாசித்துக் காட்டினாய்.

கீழே இருப்பது கையெழுத்து, ரேகை இல்லை.

உன் அப்பா,
க. ஆண்டிச்சாமி