சோற்றுத் தடையை நீக்கியவனுக்கு

முந்தாநாள் உன் மனைவிக்காக உன் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட தூக்குச்சட்டி அப்படியே திரும்பி வந்தது. மூடியைத் திறந்தேன். குழைந்த சோறு ரசத்தை உறிஞ்சி இறுகிப்போய், ஆறின மிளகு வாசனை அடித்தது. கூட வைத்திருந்த அவித்த முட்டை மட்டும் இல்லை. உன் உம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "முட்டைய மட்டும் பிச்சு வாயில திணிச்சேன். சோறு எறங்கமாட்டேங்குது அவளுக்கு."

அந்த வாசனைதான் என்னை எழுத உட்கார வைத்தது. கல்யாண் லோக்கல் ரயிலில் இருந்து நீ விழுந்து செத்த பிறகு உன்னைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. பேசினால் கோபம்தான் வருகிறது. வாசலில் தொங்காதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். அதை விடு. உன் மனைவிக்குப் பால் வற்றுகிறது. உன் மகளுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விஷயம் அதுதான்.

போன வருஷம் என் வீட்டில் இதே நிலைமை வந்தபோது நீ என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஏதாவது உதவுமா என்று.

என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது ரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. செம்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சோற்றையும் இட்லியையும் குறைக்கச் சொன்னார். இவள் பயத்தில் அடியோடு நிறுத்திவிட்டாள். மகன் பிறந்தான். இனி சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. முட்டை, மீன், கீரை, பசித்தால் மோர் என்றே ஓட்டினாள். சோறு தின்றால் பாலில் சீனி இறங்கிப் பிள்ளைக்கும் அந்த வியாதி வந்துவிடும் என்று நம்பினாள். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எங்கள் டிராம்பே ஆலையில் ஒரு வால்வை மூடிச் சீட்டுக் கட்டினால், கட்டியவன் வந்து அவிழ்க்கும்வரை வேறு எவனும் அதைத் தொடக்கூடாது. டாக்டரம்மா கட்டிய சீட்டு, டாக்டரம்மாதான் அவிழ்க்க வேண்டும் என்றேன்.

ஒருநாள் நீ, தாய்க்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறா மீன் கொண்டு வந்திருந்தாய். வாசலிலேயே நின்று பிள்ளையின் அழுகையைக் கேட்டாய்.

"ஏலே, இது அழுகுற சத்தமா? எலி கீச்சுடுத மாதிரி இருக்கு. நாள் பூரா மீட்டர் பாக்குதவன்தான நீ, இதப் பாக்கலியா?"

நீ தோல்பை தைக்கிற பட்டறைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். பைகளுக்கான பக்கிள் நிறுக்கிற தராசில் துண்டு விரித்து, பால் குடிக்கும் முன்னும் பின்னும் அவனை நிறுத்தேன். முள் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. உன் தராசு சரியில்லை என்றேன்.

"தராசு சரியாத்தான் இருக்கு. தங்கச்சி வயிறுதான் காலி. சோத்தப் போடுலே அவளுக்கு."

"சொன்ன டாக்டர் மாத்திச் சொல்லட்டும்."

"வால்வுக்குப் பசிக்குமாலே, கிறுக்குப்பயலே?"

மறுநாளே எங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய். அந்த டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். நான் திரும்பிப் போகலாம் என்றேன். நீ கவுண்டரில் நின்று, குழந்தைக்கும் பசி, தாய்க்கும் பசி என்ற இரண்டையே உன் தாராவி இந்தியில் மாற்றி மாற்றிக் கத்தினாய். கடைசியில் மாதுங்காத் தமிழர் ஒருவர், சின்ன வயது டாக்டர், வெளியே வந்து இவளுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சீனி இறங்கியிருந்தது.

"கர்ப்பத்துல வர்ற சுகர் முக்கால்வாசிப் பேருக்குப் பிரசவத்தோட போயிடும். அப்பவே திரும்பப் பாத்திருக்கணும்" என்றார். "பால் குடுக்கறவாளுக்கு ஆகாரம் கூடுதலா வேணும். இப்படி வயித்தக் காயப்போட்டா பால் குறையத்தான் செய்யும். அளவா சாதம் சாப்பிடச் சொல்லுங்கோ. சுகரை அப்பப்போ பாத்துக்கலாம்."

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த உடுப்பி ஓட்டலில் நீதான் சாப்பாடு சொன்னாய். இலையில் சோறு விழுந்ததும் இவள் அழ ஆரம்பித்தாள். நீ உன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாய், என்னையும் திருப்பச் சொன்னாய். "பசியோட திங்கிற பொம்பளய மொறச்சிப் பாக்காத. தொண்டைல சிக்கும்." இருவரும் சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பின்னால் இவள் இரண்டாம் தடவை சோறு கேட்டாள். அதற்குப் பிறகு பால் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆனால் வந்தது. ஒரு காலையில் கொடி நிறையப் பிள்ளை நனைத்த துணி தொங்கியது.

இதெல்லாம் இப்போது எனக்கு எதற்கு உதவும், சொல். என் மனைவிக்குச் சோற்றைத் தடுத்தது ஒரு பயம். அதை ஒரு டாக்டர் வந்து எடுக்க முடிந்தது. உன் மனைவிக்கு, மதினிக்கு, எவன் தடுத்தான்? நீதான். நீ செத்துத் தடுத்திருக்கிறாய். எந்தக் கவுண்டரில் போய் நான் கத்துவது? அவள் புருஷனை இழந்தவள் வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கிற இத்தாவில், திரைக்குப் பின்னால் இருக்கிறாள். நான் உள்ளே போகவும் முடியாது. சந்தில் நின்றால் உன் மகள் அழுவது கேட்கிறது. அதே கீச்சுச் சத்தம்.

நேற்று மறுபடி ரசச்சோற்றோடு என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உன் உம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஒம் பொஞ்சாதி எம் பேத்திக்குப் பால் குடுக்கட்டுமாங்கா. குடுத்தா ஒம் மவனும் எங்க புள்ளயும் கூடப்பொறந்த மாதிரி. எங்க மார்க்கத்துல அப்படித்தான் வே. பொறவு மாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? குடுக்கச் சொல்லுங்க உம்மா, பிள்ள அழுகுதுல்லா."

அழுகை நின்றது.  என்ன பேசுவது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைத் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"மதினி, இவ பால் ரெண்டு பிள்ளைக்குக் காணாது. எம் மவன் பெரிய தீனிக்காரன். இன்னைக்கு ஒரு நாள் சமாளிப்பா. மிச்சத்துக்கு நீங்கதான் சாப்பிடணும். பிடிச்சாலும் பிடிக்காட்டியும்."

 ஆறுதல் சொல்லத் தெரியாத முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து உம்மா திரைக்கு வெளியே தலையை நீட்டினாள். "கடையில தயிர் கெடைக்குமா வே? அவளுக்கு ரசம் உறைக்குதாம்."

ஓடினேன்.

ஆனால் இன்றைக்குக் காலையில் மதினி மறுபடி ஒன்றும் வேண்டாம் என்றிருக்கிறாள். என் வீட்டில் நீ ஒருமுறை சொன்னதோடு வேலை முடிந்தது. இங்கே தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னைப் போல நயமாகச் சொல்ல எனக்கு வராது. ஷிப்ட் முடிந்து நேரே அங்கேதான் போகிறேன். திரைக்கு வெளியே நின்று, சத்தமாகச் சொல்வேன்.