ரேடியோ இல்லாத விமானம்

தம்போய்
1943, வெள்ளிக்கிழமை

அன்புள்ள என்று தொடங்க இன்று கை வரவில்லை. இருந்தாலும் என் கணவருக்கு,

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா உங்களால்? காப்பிக் கடையில் மரியநாதனிடம், "ஒரு நாள் பாருலா, என் விமானம் ரேடியோவாலேயே பறக்கும்" என்று பெருமையடித்தீர்கள். கேட்டவன் எவனோ, நம் வீட்டில் தடைசெய்த ரேடியோ ஒளித்திருப்பதாக, இப்போது ஊரை ஆளும் ஜப்பான்காரனிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

உங்களைப் பிடித்துப் போனவர்கள் நேற்றுத் திரும்ப வந்தார்கள். தரைப் பலகையைப் பெயர்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. மேசையில் உங்கள் அரைகுறை மர விமானம்தான் கிடந்தது.

"இது விளையாட்டுச் சாமான்னா பறக்க விட்டுக் காட்டுங்கம்மா, அப்பதான் நம்புவாராம்" என்றார் அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர்.

வலது இறக்கையை நீங்கள் முடிக்கவே இல்லையே! தின்ன வைத்திருந்த மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, நான்தான் தாள் ஒட்டினேன். அது காயும்வரை அந்த ஜப்பான் அதிகாரி உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ரப்பர் நாடாவை முறுக்கி முறுக்கி என் விரல் தோல் உரிந்தது.

பறந்தது. கிணற்றைத் தாண்டி, ரம்புத்தான் மரத்தைச் சுற்றிவந்து புல்லில் இறங்கியது. அவன் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினான். பிறகு விமானத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். "அவரை எப்போ விடுவீங்க?" என்று கேட்டேன். திரும்பியே பார்க்கவில்லை.

சிறைக்கு வரும் மாதா கோயில் சாமியாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சீக்கிரம் வந்து இன்னொரு விமானம் செய்யுங்கள். அதை நான் என் கையாலேயே அடுப்பில் வைக்க வேண்டும்.

உங்கள் வாய்க்கு வாழ்க்கைப்பட்டவள்