செருப்பைக் கழற்றும் அறை

பழக்கம்தான், வேறென்ன. நாவலூரில் நீ வேலை பார்த்த ஆபீசுக்கு இப்போது நான்தான் தண்ணீர் கேன் போடுகிறேன். கம்ப்யூட்டர் ஹால் வாசலில் கால் தானாகச் செருப்பை உதறிவிடுகிறது. "இன்னாப்பா, இங்க இன்னா கோயிலா கீது?" என்றார் செக்யூரிட்டி. எங்கள் ஸ்கூலில் அப்படித்தான் என்றேன்.

செங்கல்பட்டில் நம் ப்ளஸ் டூ லேப் ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் செருப்புக் குவியல், உள்ளே எலிக்குப் பயந்து போட்ட அந்துருண்டை வாசனை. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். உனக்கு விரல் வேகம், எனக்கு மனப்பாடம். நான் வரியைச் சொல்வேன், நீ அடிப்பாய். "கமாவ முழுங்காத மச்சான், அப்பறம் ரன் ஆவாது" என்பாய். வருஷம் முழுக்க இப்படியே ஓட்டினோம். ஒருநாளாவது இடம் மாறி உட்காரத் தோன்றவில்லை.

பிராக்டிகல் பரீட்சையில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்றார்கள். தேறினால்தான் நம் இரண்டு பேருக்கும் காலேஜ். புரோகிராம் முழுக்க என் தலையில் இருந்தது. கீபோர்டில் எந்த எழுத்து எங்கே என்று தெரியவில்லை. பக்கத்து சீட்டில் நீ விரலை வைத்தபடி சும்மா இருந்தாய். உனக்கு முதல் வரியே வரவில்லை. எழுத்தைத் தேடும்போது என் வாய் வழக்கம்போல் வரியை முணுமுணுத்தது. உடனே உன் பக்கம் கீபோர்டு சத்தம்.

"யார்ரா அது மந்திரம் ஓதறது?" என்று சிரித்தார் எக்ஸாமினர். ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் தேடுவதை விட்டுவிட்டுக் கடைசி வரி வரை சொன்னேன். உன்னுடையது ரன் ஆனது. என் ஸ்கிரீனில் மூன்றே வரி.

வெளியே செருப்பைத் தேடும்போது, "உன்து இன்னாச்சி?" என்றாய்.

"ஆவல."

"அப்பறம் எதுக்குடா சொல்லிகினே இருந்த?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். அதற்கப்புறம் திரும்பப் பரீட்சை எழுதவே போகவில்லை.

நீ காலேஜ் முடித்து இந்த ஆபீசில் சேர்ந்தாய். கேளம்பாக்கம் டீக்கடையில் ஒருநாள் நீயாகச் சொன்னாய்: "இப்பவும் டைப் பண்ணா உன் கொரல்தான்டா கேக்குது. பேஜாரா கீது." அதற்கப்புறம் கொஞ்ச நாளில் மகாபலிபுரம் ரோட்டில் உன் பைக் லாரியில் மாட்டியது. அங்கேயே போய்விட்டாய்.

இன்று உன் சீட்டில் ஒரு பெண் வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். கேனைத் தண்ணீர் மெஷினில் கவிழ்த்துவிட்டு நின்றேன். என் உதடு அசைந்துகொண்டிருந்தது, முதல் வரியிலிருந்து, கமா விடாமல்.

அன்றைக்கு நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். நான் நிறுத்தினால் உன் கீபோர்டு சத்தமும் நின்றுபோகும். அவ்வளவுதான்.

லிஃப்ட் வந்துவிட்டது, கீழே இன்னும் கேன் இருக்கிறது. நான் போகணும்.