வயசு என்று சொன்னார்கள், அக்கா

விடாத மழை. அடுப்புக்கு மேலே கொடியில் போர்வையைக் காயப்போட்டிருக்கிறேன். ஈரக் கம்பளியின் வாடை புகையோடு எழும்பும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா ஞாபகம் வருகிறது, அக்கா.

டயகமத் தோட்டத்துக் குளிரில், லயத்து வரிசை வீடுகள் எல்லாமே போர்வைக்குள் சுருண்டு கிடந்த மாதங்கள் அவை. நீங்கள் மட்டும் விடிந்ததும் நனைந்த ரவிக்கையையும் தலையணை உறையையும் பிழிந்துகொண்டிருப்பீர்கள். "பீலித் தண்ணி கொட்டுற எடத்துல நின்ன மாதிரி இருக்கு புள்ள" என்று சிரிப்பீர்கள். பிறகு சிரிப்பும் குறைந்தது. தண்ணீர் பிடித்த குடத்தைத் தூக்க முடியாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன்.

"ராவுல வேர்த்துக் கொட்டுதுங்க ஐயா. கையும் காலும் வெலவெலன்னு வருது" என்றீர்கள்.

மருந்து கொடுப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொம்பளைகளுக்கு அது நிக்கிற காலத்துல இப்படித்தான்."

"அது நின்னு இருபது வருஷமாச்சுங்க."

"அப்ப வயசுதான்."

பனடோலோடு திரும்பினோம். அடுத்த தடவையும் அதே பனடோல், அதே பதில். கொழும்பிலிருந்து உங்கள் மகன் போனில் சொன்னான்: "வயசாச்சுல்ல, சத்துமா வாங்கி அனுப்புறேன்."

ஒருநாள் வாசற்படியிலேயே நீங்கள் சரிந்தபிறகு, நான் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பெண் சிங்களத்தில் முதலில் கேட்டதே, இரவில் வேர்க்கிறதா என்றுதான். சோதித்துப் பார்த்துக் காசநோய் என்றாள். "இருமலே பெருசா இல்லியே" என்றேன். வயதானவர்களுக்கு அப்படியும் வரும், மருந்து இருக்கிறது, குணமாகும் நோய்தான், ஆனால் உடம்பு இவ்வளவு தளர்ந்துவிட்டதே, ஏன் முன்பே சொல்லவில்லை என்றாள். அதைத் தமிழில் உங்களிடம் சொன்னேன்.

"சொன்னேனே" என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லை அப்படியே சிங்களத்தில் அவளிடம் திருப்பிச் சொன்னேன்.

மருந்து உடம்பில் பிடிப்பதற்கு முன்பே போய்விட்டீர்கள். சாவு வீட்டுக்கு அந்த டிஸ்பென்சரிக்காரரும் மாலையோடு வந்தார். "வயசான கட்டை, படுக்கையில கெடக்காம போயிட்டாங்க" என்றார்.

"காசநோய்ங்க ஐயா. வயசு இல்ல" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்.

இப்போது லயத்தில் வயதானவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். ராவில் வேர்க்குதா, சாப்பாடு இறங்குதா என்று தொணதொணக்கிறேனாம். போன மாதம் கடைசிக் காம்பரா மாமாவைச் சண்டை போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன். அவருக்கும் அதே நோய். மருந்து சாப்பிடுகிறார், கொஞ்சம் தேறிவிட்டார், நேற்று கோயில் மேட்டில் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டுக் கையசைத்தார்.

நானும் கையசைத்தேன். சந்தோஷம்தான், அக்கா. ஆனால் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உங்களுக்கும் இவ்வளவுதானே தேவைப்பட்டது என்று ஆத்திரம் தீராமல் அழுதேன்.